ஓர் ஏரிக்கரை சொல்லும் பாடம்



நம் ஜொகூர் மாநிலத்தில் மழைக்குக் குறைவில்லை. தண்ணீரைத் தேக்கும் கரைகளுக்கும் குறைவில்லை. குளுவாங் வட்டாரத்து மச்சாப், செம்புரோங் அணைகள் இரண்டுமே மண் அணைகள்தான். தோட்டப்புறங்களிலும் ஓடையை மறித்து மண்கரை போட்ட குளங்கள் உண்டு. தூண்டிலோடு போகும் பிள்ளைகளுக்கு அது விளையாட்டு இடம். "கரைதானே, அது பாட்டுக்கு இருக்குது" என்று பெரியவர்களும் இருந்துவிடுகிறோம். அப்படி இருந்துவிட்ட ஓர் அமெரிக்க ஊரின் வரலாற்றைக் கேளுங்கள்.

செல்வந்தர்களின் ஏரி

பென்சில்வேனியா மாநிலத்தில் ஜான்ஸ்டவுன் என்பது இரும்பாலைத் தொழிலாளர் நிறைந்த ஊர். சுற்றுவட்டாரத்தையும் சேர்த்து ஏறக்குறைய 30,000 பேர் வாழ்ந்தார்கள். அங்கிருந்து 14 மைல் மேலே, சௌத் ஃபோர்க் மலைப்பகுதியில், படகுக் கால்வாய்க்காக மாநில அரசாங்கம் ஒரு மண் அணையை 1853-இல் கட்டி முடித்தது. ரயில் வந்தது, கால்வாய்க்கு வேலையில்லாமல் போயிற்று. அணை கைமாறிக் கைமாறித் தனியாரிடம் போய்ச் சேர்ந்தது. இடையில் வாங்கிய ஒருவர், அணையின் அடியிலிருந்த இரும்புக் குழாய்களைக் கழற்றிப் பழைய இரும்பாக விற்றுவிட்டார்.

1879-இல் பெஞ்சமின் ரஃப் என்பவர் அதை வாங்கி, மீன்பிடி, வேட்டை மன்றம் ஒன்றை அமைத்தார். ஆண்ட்ரூ கார்னெகி, ஹென்றி ஃபிரிக் போன்ற கோடீசுவரர்கள் அதில் உறுப்பினர்கள். அணையின் உயரம் 72 அடி. நீளம் 931 அடி. இரண்டு மைல் நீள ஏரியில் கோடைக்காலத்தில் படகு விட்டார்கள், மீன் பிடித்தார்கள், விருந்துண்டு மகிழ்ந்தார்கள்.

மூன்று குறைகள்

தமிழ்நாட்டில் ஏரி அமைத்த நம் முன்னோர் மூன்றை மறந்ததில்லை. வேண்டியபோது தண்ணீரைத் திறந்துவிட மதகு. மிஞ்சிய தண்ணீர் தானே வழிந்தோடக் கலிங்கு. இரண்டுக்கும் மேலே உயர்ந்து நிற்கும் கரை. ஊர்கூடி மண் சுமந்து கரையைச் செப்பனிடுவதற்குக் குடிமராமத்து என்றே பெயர்.

சௌத் ஃபோர்க்கில் மூன்றும் கெட்டன. குழாய் போனதால் ஏரியை வடியவிட்டுப் பழுதுபார்க்க வழியில்லை. குதிரை வண்டிகள் எதிரும் புதிருமாகப் போகவேண்டுமென்று கரையின் தலையை வெட்டி உயரத்தைக் குறைத்தார்கள். விலைகொடுத்து வாங்கிவிட்ட மீன் தப்பிவிடக்கூடாதே என்று கலிங்கில் வலைத்தடுப்பு வைத்தார்கள். மீனுக்குக் காவல் போட்டாயிற்று. கீழே இருக்கும் மனிதருக்கு?

எச்சரிக்கை வராமல் இல்லை. 1880-இல் ஜான்ஸ்டவுன் இரும்பாலைத் தலைவர் டேனியல் மாரல், தம் பொறியாளரை அனுப்பிப் பார்க்கச் சொன்னார். பழுதுபார்த்த வேலை சரியில்லை, வடிகுழாயும் இல்லை என்றார் பொறியாளர். செலவில் பங்கு தரவும் மாரல் முன்வந்தார். உங்களுக்கு ஆபத்தே இல்லை என்று ரஃப் பதில் எழுதிவிட்டார்.

1889 மே 31

முதல்நாள் தொடங்கிய பெருமழை விடவில்லை. காலையில் ஏரி கரையின் தலையைத் தொட வந்துவிட்டது. கூலியாட்கள் கொட்டும் மழையில் புதிய வழிகால் வெட்டினார்கள். வலையை அகற்றப் பார்த்தார்கள். குப்பைகூளம் அடைத்துக்கொண்டது. கீழூருக்குத் தந்தியும் போனது. ஆனால் ஒவ்வொரு மழைக்கும் "அணை உடையப்போவுது" என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு மக்களுக்குச் சலித்துப் போயிருந்தது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிற்பகல் மூன்று மணியளவில் கரை உடைந்தது. சுமார் 2 கோடி டன் தண்ணீர் மரங்களையும் வீடுகளையும் ரயில் எஞ்சின்களையும் உருட்டிக்கொண்டு, ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ஜான்ஸ்டவுனை அடைந்தது. மாண்டவர்கள் 2,209 பேர். அவர்களில் 99 குடும்பங்கள் பூண்டோடு அழிந்தன. 750-க்கும் மேற்பட்ட உடல்கள் யாரென்றே தெரியாமல் புதைக்கப்பட்டன.

வழக்குகள் நடந்தன. இது இறைவன் செயல் என்று சொல்லப்பட்டது. மன்றத்திடமிருந்து யாருக்கும் ஒரு காசு நஷ்டஈடு கிடைக்கவில்லை. கார்னெகி பின்னர் அவ்வூருக்கு ஒரு நூலகம் கட்டிக்கொடுத்தார். அதே கட்டடத்தில்தான் இன்று வெள்ள அருங்காட்சியகம் இருக்கிறது.

ஆயினும் அந்தக் கண்ணீர் வீண்போகவில்லை. இங்கிலாந்தில் ஓர் ஆலை முதலாளியின் நீர்த்தேக்கம் பக்கத்துச் சுரங்கத்தை நிரப்பிய வழக்கில், 1868-இல் ஒரு கொள்கை உறுதியாயிற்று. ஆபத்தானதைத் தன் நிலத்தில் சேர்த்து வைப்பவர், அது தப்பி வெளியேறினால், கவனக்குறைவு இல்லாவிட்டாலும் பொறுப்பாளி என்பதே அது. அதுவரை தயங்கிய அமெரிக்க நீதிமன்றங்கள் பல, ஜான்ஸ்டவுனுக்குப் பிறகு அதை ஏற்கத் தொடங்கின. நம் மலேசிய நீதிமன்றங்களும் ஏற்றுள்ள கொள்கை இது.

நமக்கு என்ன பாடம்?

எங்கோ நடந்தது என்று தள்ளிவிடாதீர்கள். இலங்கையில் 1986 ஏப்ரல் 20 அன்று பழம்பெரும் கந்தளாய்க் குளக்கரை உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரையே மூழ்கடித்த மழையை நாம் மறக்க முடியுமா?

மண்கரை திடீரென்று உடைவதுபோலத் தோன்றும். பெரும்பாலும் முன்பே குறி காட்டும். கரையின் அடியில் கலங்கிய தண்ணீர் ஊறினால், தலை ஓரிடத்தில் தாழ்ந்தால், வெடிப்பு கண்டால், வழிகாலில் குப்பையோ மரமோ அடைத்தால், நிர்வாகத்திடம் சொல்லுங்கள். வடிகால், நீர்ப்பாசன இலாகாவுக்கும் எழுதுங்கள். "லயத்து ஜனங்க சொன்னா யாரு கேப்பாங்க?" என்று இருந்துவிட வேண்டாம். கரைக்குக் கீழே குடியிருப்பவருக்குத்தான் கேட்க முதல் உரிமை. ஒருமுறை கேட்காவிட்டால் மறுமுறையும் சொல்லுங்கள். வாயால் சொல்வதோடு விடாமல் தேதியிட்டு எழுத்தில் கொடுங்கள்.

மாணவச் செல்வங்களே! எழுதப் படிக்கக் கற்பது இதற்கும்தான். தாத்தா பாட்டியால் எழுத முடியாத மனுவை நீங்கள் எழுதவேண்டும். உங்களில் சிலர் நாளை பொறியாளராகி, கரையில் நின்று "இது சரியில்லை" என்று துணிந்து சொல்லவேண்டும். வெள்ளம் வருமுன் அணைபோடு என்பது பழமொழி. போட்ட அணையைக் காப்பதும் நம் கடமை.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!