முனையம்: ஒரு சொல்லும் ஓர் ஊர்ப்பெயரும்

கட்டளைகளைத் தட்டச்சிட்டுக் கணினியை இயக்கும் சாளரத்துக்குத் தமிழில் ‘முனையம்’ என்று பெயர். நுனி, போர்க்களம் ஆகிய பொருள்களில் வழங்கிய ‘முனை’ என்னும் பழஞ்சொல்லிலிருந்து பிறந்து, இன்று விமான நிலையத்துக்கும் கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்துக்கும் வழங்கும் இச்சொல், கணினித் துறையில் கம்பியின் கடைக்கோடியில் இருந்த கருவியை, அதாவது முதலில் தாளில் அச்சடித்த தொலையச்சையும் பின்னர் 1978இல் வந்த விடி100 போன்ற திரைக்கருவியையும் குறித்தது. ஜெர்மானியர் அதனைத் தரவைக் காணும் கருவி என்னும் பொருளில் ‘டாட்டன்சிக்ட்கெரேட்’ என்றனர். பழுது பார்ப்போருக்கு உதவுவது தமிழ்ப் பெயரே. முனை என்றாலே மறுமுனையும் உண்டு, திரையில் எழுத்துச் சிதைவதும் பெரும்பாலும் இரு முனைகளும் ஒரே எண்ணை வெவ்வேறு எழுத்தாகக் கொள்வதால்தான்.

பேர்லினின் நொய்கெல்ன் வட்டாரப் பெயரே இதற்குச் சான்று. இலத்தீன் எழுத்தில் அதன் நடுவே வரும், தலையில் இரு புள்ளி பெற்ற ‘ஓ’வுக்கு ஆஸ்கி என்னும் எழுத்துக் குறியாக்கத்தின் 128 இடங்களுள் இடமில்லாமையால், 1974ஆம் ஆண்டின் டின் 66003 என்னும் ஜெர்மன் தரநிலை, செங்குத்துக் கோட்டுக்குரிய 124ஆம் எண்ணை அதற்கு வழங்கியது. யூனிக்சில் ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்குச் செலுத்தும் ‘பைப்’ குறி அக்கோடே ஆதலால், ஜெர்மன் முனையத்தில் பைப் புள்ளியிட்ட ‘ஓ’வாகவும், அமெரிக்க முனையத்தில் ஊர்ப்பெயர் நடுவில் கோடு பாய்ந்தும் தோன்றின. 1912 ஜனவரி வரை வழங்கிய ரிக்ஸ்டார்ஃப் என்னும் பழம்பெயர் நீடித்திருந்தால் இத்தொல்லையே இல்லை. அதில் ஆஸ்கிக்கு அடங்காத எழுத்து ஒன்றுமில்லை.

கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992இல் வகுத்த யுடிஎஃப்-8 முறை புள்ளியிட்ட அந்த ‘ஓ’வை 195, 182 என்னும் இரு பைட்டுகளாக அனுப்புகிறது. பெறும் முனை பழைய இலத்தீன்-1 முறையில் இருந்தால், அலைக்கோடு தாங்கிய ‘ஏ’யும் பத்திக்குறியும் அடுத்தடுத்துத் தோன்றும். இந்த இணையைக் கண்டால் எழுத்துருவை மாற்றிப் பயனில்லை. தொலைவிலுள்ள கணினியின் ‘லோகேல்’ என்னும் மொழி, குறியாக்க அமைப்பும் சாளரத்தின் குறியாக்கமும் ஒத்திருக்கின்றனவா என்றே பார்க்க வேண்டும். இருமக் கோப்பு ஒன்றைத் தவறுதலாகத் திரையில் கொட்டியதால் எழுத்தெல்லாம் கோடுகளாக மாறியிருப்பின் அது வேறு நோய். ‘ரீசெட்’ கட்டளையில் தீரும்.

ஊர்ப்பெயரைத் தமிழில் எழுதினாலோ, குறியாக்கம் ஒத்திருந்தும் சிக்கல் எஞ்சுகிறது. ஐந்தெழுத்துடைய ‘நொய்கெல்ன்’ ஒருங்குறியில் 10 குறியீடுகளாகவும் 30 பைட்டுகளாகவும் விரிகிறது. அதன் முதலெழுத்தின் கொம்பு, ‘ந’ என்னும் எழுத்துக்குப் பின் சேமிக்கப்பட்டும் முன்னே வரையப்பட வேண்டியது. முனையமோ விடி100 காலத்து 80 சமக் கட்டங்களின் கணக்கை இன்னும் விடவில்லை. கட்டளை நிரல் ஒரு கணக்கும் சாளரம் மற்றொரு கணக்கும் வைத்திருந்தால், பேக்ஸ்பேஸை அழுத்துகையில் சுட்டி ஓரிடத்தில் நிற்க, வேறோர் எழுத்து அழிகிறது. இதற்கு லோகேலும் உதவாது, ரீசெட்டும் உதவாது. தமிழ் எழுத்துகளைக் கோத்து வரையத் தெரிந்த வேறொரு முனைய நிரலுக்கு மாறுவது, அல்லது தமிழ் வரியை உரைத்திருத்தியில் எழுதிக் கோப்பாகக் கட்டளைக்கு அளிப்பது என்னும் இரண்டு வழிகள் உள்ளன.