டிஸ்க் டூ டிரைவும் பட்ஸ் குச்சியும்

டர்ர்ர்ர்... டக டக டக டக. பழைய ஆப்பிள் டூ கம்ப்யூட்டரை ஆன் பண்ணினா ஃப்ளாப்பி டிரைவ் இப்படித்தான் கத்தும். முதல் தடவை கேட்டப்போ "போச்சுடா"ன்னு ஸ்விட்சை அணைச்சுட்டேன். அப்புறம்தான் தெரிஞ்சது, டிரைவ் நல்லா இருந்தாலே அந்த சத்தம் வருமாம் :-)

கதை இதுதான். என்னோடு ஆணி புடுங்கும் அமெரிக்க நண்பர் ஒருத்தர் வீட்டு கராஜில் ஒரு ஆப்பிள் டூ-ஈ, ஒரு டிஸ்க் டூ டிரைவ், ஷூ டப்பா நிறைய அஞ்சேகால் இன்ச் ஃப்ளாப்பிகள். எல்லாம் மறைந்த அவர் அப்பா 1983-ல் ஆரம்பித்து எழுதி வைத்த பேசிக் புரோகிராம்கள். "இதையெல்லாம் படிக்க முடியுமா?"ன்னு கேட்டார். எனக்குத் தெரிஞ்ச ஃப்ளாப்பி, சேவ் பொத்தானில் இருக்கும் படம் மட்டும்தான். ஆனாலும் தலையை ஆட்டிட்டேன்.

இங்கே கொஞ்சம் கொசுவத்தி. 1977-ல் வந்த ஆப்பிள் டூ-வில் புரோகிராமை கேசட்டில்தான் சேமிக்கணும். அது ஆமை வேகம். ஆப்பிளின் மைக் மார்க்குலா கடுப்பாகி டிஸ்க் வேணும்னு கேட்க, ஸ்டீவ் வாஸ்னியாக் அந்த வருஷ கிறிஸ்துமஸ் விடுமுறையில் உட்கார்ந்தார். 1978 ஜனவரியில் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் காட்டியாகணும். ஷூகார்ட் கம்பெனி டிரைவை வாங்கி, அதிலிருந்த சில்லுகளில் பெரும்பாலானதை தூக்கிக் கடாசினார். கன்ட்ரோலர் கார்டை வெறும் 8 சில்லுகளில் முடிச்சார். மிச்ச வேலையெல்லாம் சாஃப்ட்வேர் தலையில். அறிமுக விலை கார்டோடு சேர்த்து 495 டாலர்.

அவர் தூக்கி எறிஞ்சதில் ஒண்ணு, ஹெட் முதல் டிராக்குக்கு வந்துடுச்சான்னு சொல்லும் சென்சார். அது இல்லாததால் ஆன் பண்ணியதும் ஹெட் எங்கே இருக்குன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியாது. டிரைவில் இருப்பதே 35 டிராக். எதற்கும் இருக்கட்டும்னு 40 டிராக் பின்னாடி தள்ளும். ஹெட் சுவரில் முட்டி முட்டி கத்தும். அந்த டக டக இதுதான்!

இனி சுத்தம் பண்ணும் படலம். இதில் அவசரம் ஆகாது. ஃப்ளாப்பி சுத்தும்போது ஹெட் அதன் மேல் உரசிக்கிட்டேதான் இருக்கும். பூஞ்சை பிடித்த டிஸ்க் ஒண்ணைப் போட்டால் அழுக்கு ஹெட்டில் ஒட்டிக்கும். அடுத்து போடும் நல்ல டிஸ்க்கை அதே அழுக்கு வட்டமா கீறிடும். பழுப்பு காந்தப் பூச்சு உரிஞ்சா உரிஞ்சதுதான், அண்டர்வேர்ல்டு டான் வந்தாலும் மீட்க முடியாது. அதனால நண்பரின் அப்பா டிஸ்க்கை முதலில் தொடவே இல்லை. காலி டிஸ்க்கில்தான் எல்லா பரிசோதனையும்.

மூடியைக் கழற்றி, பட்ஸ் குச்சியில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டு ஹெட்டை மெதுவா துடைச்சேன். குச்சி கருப்பா வந்தது. நாலாவது குச்சிதான் வெள்ளையா வந்தது. ஹெட்டுக்கு மேலே டிஸ்க்கை அழுத்திப் பிடிக்க ஒரு குட்டி துணி மெத்தை உண்டு, அது தேய்ஞ்சிருந்தா மாத்தணும். தண்டவாளக் கம்பிகளில் பழைய பிசுக்கைத் துடைச்சிட்டு தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு.

அடுத்து வேகம், நிமிஷத்துக்கு 300 சுத்து. அடியில் இருக்கும் சக்கரத்தில் கோடு கோடா அச்சடிச்சிருக்கு. சோக் வெச்ச பழைய டியூப் லைட் வெளிச்சத்தில் கோடு அசையாம நின்னா வேகம் சரி. எல்இடி பல்பை நம்பினா வேலைக்காகாது, கராஜில் பழைய லைட் இருந்தது என் அதிர்ஷ்டம்.

எல்லாம் முடிச்சு கேபிளை மாட்டினேன்... ஒரு பின் தள்ளி! 20 பின் கனெக்டர், தப்பா மாட்டினா தடுக்க எதுவும் இல்லை. ஆன் பண்ணினதும் டிரைவ் செத்துப்போச்சு. அடுத்தவர் அப்பாவின் பொருள். நண்பர் முகத்தைப் பார்க்க முடியலை. ராத்திரி பூரா தேடினதில், இந்தத் தப்புக்கு பலியாவது வழக்கமா 74எல்எஸ்125 சில்லுதான்னு தெரிஞ்சது. சாதாரண சில்லு, இன்னிக்கும் சல்லிசா கிடைக்குது. சாக்கெட்டில்தான் இருந்தது, மாத்தினேன். மறுபடி டக டக டக! காசை மிச்சம் பிடிக்க வாஸ் பொதுவான சில்லுகளை வெச்சு ஒப்பேத்தினதால் பிழைச்சேன். ஸ்பெஷல் சில்லா இருந்திருந்தா அம்பேல்.

டிஸ்க்கை லேப்டாப்புக்கு மாத்த ஏடிடி புரோன்னு ஒரு சாஃப்ட்வேர். சீரியல் கார்டு இல்லைன்னா பரவாயில்லை, ஆப்பிள் டூ-ஈயின் கேசட் ஓட்டை வழியா சத்தமாவே அனுப்பிடும். மார்க்குலா எதை ஒழிக்கணும்னு நினைச்சாரோ, அதே கேசட் வழி!

ஒவ்வொரு டிஸ்க்குக்கும் நடுவில் ஹெட்டைத் துடைச்சு, இதுவரை ஒன்பது முடிஞ்சிருக்கு. ஒண்ணில் மட்டும் ரெண்டு செக்டர் போச்சு. மூணாவது டிஸ்க்கில் வீட்டுக் கடன் வட்டி கணக்கு போடும் புரோகிராம், கமென்ட் வரியில் மகன் பிறந்த நாள். நண்பர் அதை லிஸ்ட் பண்ணி ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே இருந்தார். டப்பாவில் இன்னும் முப்பது சொச்சம் பாக்கி. வர்ற சனிக்கிழமைக்கு பட்ஸ் வாங்கணும்.