ஏட்டில் பறிபோன நிலம்

ஒரகடம் சாலையில் ஷிப்டுக்குப் போகும் கம்பெனி பஸ்களைப் பாருங்கள் தோழர்களே. ஒப்பந்தத் தொழிலாளிகளாக அதில் போகும் நம் பிள்ளைகளில் எத்தனை பேரின் பாட்டனார் பட்டாதாரராக இருந்திருப்பார்?

1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்கீர் நம் மக்களின் நிலமற்ற நிலை குறித்து அறிக்கை கொடுத்தார். 1892இல் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் பிறந்தது. பத்தாண்டுகள் விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்டோருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை.

அந்த நிபந்தனையை மீறத் தாலுகா ஆபீஸ் ஏட்டில் பெயரை மாற்றினாலே போதும். ஏட்டைக் காக்க வேண்டியவர் கைநீட்டினால் சட்டம் என்ன செய்யும்? கேட்டவர்களுக்குக் கிடைத்தது குண்டு. கரணை பஞ்சமி நிலப் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தனர்.

1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. நில விலை ஏறியது. ஒரு போலிப் பட்டாவின் மதிப்பும் ஏறியது. பீமந்தாங்கலில் அரசு நிலத்துக்கே பட்டா காட்டி நெடுஞ்சாலை இழப்பீடு பெற்றதாக சிபிசிஐடி வழக்கு வந்தது.

ஊழலில் அரசுப் பணம் மட்டும் போவதில்லை. விலை ஏறும்போது பங்கு கேட்க வேண்டியவர், வாசலில் வேலை கேட்டு நிற்கிறார். வளர்ச்சி வந்தது, நம்மைத் தாண்டிப் போனது.

உங்கள் ஊர் 'அ' பதிவேட்டைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். பழைய ஏட்டோடு ஒப்பிடுங்கள். போராட்டம் அங்கிருந்து தொடங்கட்டும்.