மின்வாய்: ஒரு சொல்லின் வரலாறும் ஒரு பிழையும்

திருப்பதிக்கு அருகே ஏர்பேட்டில் இன்று இந்திய தொழில்நுட்பக் கழகமும் இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனமும் அமைந்துள்ளன. இரண்டும் 2015இல் தொடங்கப்பட்டவை. அங்கிருந்து தொலைவில்லாத கரகம்பாடியில் அமர ராஜா நிறுவனம் ஈய-அமில மின்கலங்களைச் செய்து வருகிறது. தமிழ்வழியில் வேதியியல் பயின்று இப்பகுதிக்கு மேற்படிப்புக்கு வரும் மாணவர், அம்மின்கலங்களுள் ஒன்றைத் திறந்து பார்த்தால், தாம் பள்ளியில் மனப்பாடம் செய்த சொல்லே தம்மை வழிதவறச் செய்வதைக் காண்பார்.

அந்தச் சொல்லின் கதை 1834இல் தொடங்குகிறது. கரைசலின் ஊடே மின்சாரம் செலுத்தி ஆய்ந்துகொண்டிருந்த மைக்கேல் ஃபாரடேக்கு, 'துருவம்' என்ற பழைய வழக்கு உவப்பாக இல்லை. துருவம் என்றால் ஈர்ப்பும் விலக்கும் உடைய ஒன்று என்ற எண்ணம் அதில் ஒட்டியிருந்தது. அவர் கண்டதோ, மின்சாரம் கரைசலுக்குள் புகும் ஓரிடமும் வெளியேறும் ஓரிடமும் மட்டுமே. 'எலக்ட்ரோடு' என்ற சொல்லில் உள்ள கிரேக்க 'ஹோடோஸ்' வழியைக் குறிக்கும். இரு முனைகளையும் பிரித்துச் சொல்ல, கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹியூவெலின் உதவியை அவர் கடிதம் மூலம் நாடினார். ஹியூவெல் தந்தவையே ஆனோடு, கேதோடு என்பன. முன்னது மேலேறும் வழி, பின்னது கீழிறங்கும் வழி. கிழக்கிலிருந்து மேற்காகச் செல்லும் கதிரவனின் போக்கோடு மின்னோட்டத்தையும் ஒப்பவைத்து, அது புகும் பக்கத்தை எழுஞாயிற்றின் திசையாகவும் வெளியேறும் பக்கத்தைப் படுஞாயிற்றின் திசையாகவும் ஃபாரடே கொண்டார். மின்சாரத்தின் இயல்பு குறித்த கொள்கை நாளை மாறினாலும் பெயர் பிழையாகிவிடக் கூடாது என்பதே அவரது கவலை.

தமிழ் இதனை எவ்வாறு ஏற்றது? 'மின்வாய்' என்ற ஆக்கம் மிகச் சிறப்பானது. வாய் என்பதற்கு வழி என்ற பொருளும் தமிழில் உண்டு. வாயில், வாய்க்கால் என்பவற்றில் அதன் சாயல் இன்றும் தெரிகிறது. ஆக்கியவர் கிரேக்க வேரை அறிந்தே ஆக்கினாரா, தற்செயலா என்பது ஒருபுறம் இருக்க, மூலத்துக்கு இத்தனை நெருங்கி நிற்கும் கலைச்சொற்கள் நம்மிடம் அதிகமில்லை.

சிக்கல் அடுத்த படியில்தான். ஆனோடு 'நேர்மின்வாய்' ஆயிற்று. கேதோடு 'எதிர்மின்வாய்' ஆயிற்று. உப்புநீரை மின்னாற்பகுத்துக் குளோரினும் எரிசோடாவும் எடுக்கும் ஆலையில் இப்பெயர்கள் பொருந்தும். அங்கே குளோரின் வெளிப்படும் ஆனோடு மெய்யாகவே நேர்முனைதான். இந்த ஆலைகளில் தேய்ந்துகொண்டே வரும் கிராஃபைட் ஆனோடுக்கு மாற்றாக டைட்டானியத்தை அடித்தளமாகக் கொண்ட கரையா ஆனோடை உருவாக்கியது காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆய்வகம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்க, 1948 ஜூலை 25இல் நேரு அடிக்கல் நாட்டிய நிறுவனம் அது.

ஆனால் கரகம்பாடி மின்கலத்தின் நிலை வேறு. வண்டியைக் கிளப்பும் வேளையில் அதன் ஈயத்தகடு எலக்ட்ரான்களை இழந்து ஈய சல்பேட்டாகிறது. ஆக்சிஜனேற்றம் அங்கே நிகழ்வதால் அதுவே ஆனோடு. ஆனால் அதன் குறி எதிர். 'நேர்மின்வாய் எதிர்மின்சுமை உடையது' என்று மாணவர் எழுத வேண்டியதாகிறது. மின்னேற்றம் செய்யும்போது அதே தகடு கேதோடாக மாறிவிடும். எதிர்க்குறி மட்டும் மாறாது. ஹியூவெலின் சொல் நிகழ்வைப் பின்தொடர்கிறது, நமது சொல் குறியைப் பற்றிக்கொண்டு நிற்கிறது. ஃபாரடே அஞ்சி விலக்கியதையே மொழிபெயர்ப்பு மீண்டும் அழைத்து வந்துவிட்டது. (கைபேசி மின்கலத்தைச் செய்வோரும் இதில் முற்றிலும் தூயவர் அல்லர். மின்னேற்றத்தின்போதும் கிராஃபைட் முனையை ஆனோடு என்றே அவர்கள் அழைக்கின்றனர்.)

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் 'அனோட்டு', 'கதோட்டு' என ஒலிபெயர்த்து இச்சிக்கலைக் கடந்தன. அழகு குறைவுதான், குழப்பமும் குறைவு.

பட்டறையில் பற்றவைப்பவர் தம் கையிலுள்ள மின்வாயை 'ராடு' என்கிறார். மருத்துவமனையில் இதயத்துடிப்பைப் பதிய மார்பில் ஒட்டப்படும் வெள்ளி-வெள்ளி குளோரைடு வில்லையும் மின்வாயே. உடலில் அயனிகளாக ஓடும் மின்சாரம், கம்பியில் எலக்ட்ரான்களாக மாறும் எல்லை அது. அங்கே யாரும் நேர், எதிர் என்று தடுமாறுவதில்லை. தடுமாற்றம் தேர்வுத்தாளில்தான். 'ஆக்சிஜனேற்ற மின்வாய்', 'ஒடுக்க மின்வாய்' என்று நிகழ்வின் பெயரால் வழங்கினால் இரு வகைக் கலங்களிலும் சொல் பிழைபடாது. அடுத்த பாடநூல் திருத்தத்தில் இதனை எடுத்துக்கொள்ளத் தடையேதும் இல்லை.