டிரம்ஷூ பாடசாலை வழக்கு: ஒரு மாணவியின் சொல்லும் அதன் சட்ட விளைவும்

வதந்தியின் வரலாற்றை எழுதப் புகுவோர் எதிர்கொள்ளும் முதல் இடர்ப்பாடு சான்றின்மையாகும். வதந்தி வாயினின்று செவிக்குச் செல்வது. அது செய்த அழிவு எஞ்சி நிற்கும், அது நடந்து சென்ற வழி எஞ்சி நிற்பதில்லை. பாடசாலை மாணவரிடையே தோன்றும் வதந்திகளைப் பொறுத்தவரை இவ்விடர்ப்பாடு இன்னும் பெரிது. சிறுவர் பேச்சு என்று ஒதுக்கப்பட்டு அவை பதிவின்றி மறைந்துவிடுகின்றன. விதிவிலக்காக, 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்கொட்லாந்தின் தலைநகராகிய எடின்பரோவில் ஒரு மாணவி தன் பாட்டியாரிடம் கூறிய சில சொற்கள் ஏறத்தாழ பத்தாண்டுக் காலம் நீதிமன்றங்களில் அலசப்பட்டமையால் முழுமையாகப் பதிவாகியுள்ளன. யார் யாரிடம் சொன்னார், எந்த நாளில் சொன்னார், கேட்டவர் யாருக்கு எழுதினார் என்பன எல்லாம் சத்தியத்தின்மேல் கூறப்பட்ட சாட்சியங்களாக உள. சட்ட வரலாற்றில் இது டிரம்ஷூ வழக்கு எனப்படும்.

எடின்பரோ நகரின் புறத்தே டிரம்ஷூ என்னும் இடத்தில் மரியான் வுட்ஸ், ஜேன் பிரீ என்னும் இரு பெண்கள் 1809 இல் பெண்பிள்ளைகளுக்கான ஒரு விடுதிப் பாடசாலையைத் தொடங்கினர். இருவரும் இளவயதினர், சொத்தற்றவர், நெடுநாளைய நட்பினர். அக்காலத்தில் நடுத்தர வகுப்பைச் சேர்ந்த மணமாகாத பெண்ணொருத்தி மதிப்புடன் பொருளீட்டத்தக்க தொழில் ஆசிரியத் தொழில் ஒன்றே என்று கூறலாம். பிறர் இல்லத்தில் ஊதியத்துக்குப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதை விட்டுச் சொந்தப் பாடசாலை ஒன்றை நடத்துவது அத்தொழிலில் அடையக்கூடிய உயர்ந்த நிலை. இத்தகைய பாடசாலைக்கு அரசின் மானியமோ திருச்சபையின் ஆதரவோ இல்லை. அதன் மூலதனம் முழுவதும் அதன் ஆசிரியைகளின் நற்பெயரே. பெற்றோர் வந்து பாடத்திட்டத்தை ஆராய்ந்து பிள்ளைகளைச் சேர்த்தாரல்லர். யார் யார் பிள்ளைகள் அங்கே படிக்கின்றனர் என்று கேட்டே சேர்த்தனர்.

அவ்வாறு கேட்டோர்க்குக் கூறப்பட்ட பெயர்களுள் தலையாயது ஹெலன் கம்மிங் கோர்டன் சீமாட்டியின் பெயர். வடகிழக்கு ஸ்கொட்லாந்தின் நிலப்பிரபுக் குடும்பமொன்றின் தலைவியாகிய அவர் தம் பேத்தியரை இப்பாடசாலையில் சேர்த்ததோடு தம் வட்டாரத்துக் குடும்பங்களுக்கும் அதனைப் பரிந்துரைத்தார். பாடசாலையை வளர்த்த பரிந்துரையும் பின்னர் அதனை அழித்த பரிந்துரையும் ஒருவரிடமிருந்தே வந்தன என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

அப்பேத்தியருள் ஒருத்தி ஜேன் கம்மிங். சீமாட்டியின் மகன்களுள் ஒருவர் கிழக்கிந்தியக் கம்பனியின் சேவையில் இந்தியாவிலிருந்தபோது அங்கே ஓர் இந்தியப் பெண்ணிடத்தே, மணவுறவின்றிப் பிறந்த மகள் இவள். தந்தை இறந்தபின் சிறுமி ஸ்கொட்லாந்துக்குக் கொண்டுவரப்பட்டாள். கம்பனி அலுவலர் பலரின் இத்தகைய பிள்ளைகள் இந்தியாவிலேயே கைவிடப்பட்ட காலத்தில், பாட்டியார் அவளைத் தம் குடும்பத்துள் ஏற்றுக்கொண்டமை குறிப்பிடத்தக்கதே. ஆயினும் அவ்வேற்பு முழுமையானதன்று. அவளது நிறத்தையும் பிறப்பையும் பற்றிய பேச்சு வீட்டிலும் பாடசாலையிலும் பின்னர் நீதிமன்றத்திலும் அவளைத் தொடர்ந்தது.

1810 நவம்பர் மாதத்தில், ஏறத்தாழ பதினைந்து அல்லது பதினாறு வயதினளாயிருந்த ஜேன், தன் ஆசிரியைகள் இருவருக்குமிடையே தகாத உறவு உண்டு என்று பாட்டியாரிடம் கூறினாள். சீமாட்டி ஆசிரியைகளை அழைத்து விசாரிக்கவில்லை; பாடசாலைக்குச் சென்று பார்க்கவுமில்லை. தம் பேத்தியரை உடனே விலக்கிக்கொண்டு ஏனைய பெற்றோர்க்கும் தத்தம் பிள்ளைகளை விலக்கிக்கொள்ளுமாறு அறிவித்தார். காரணம் விரித்துரைக்கப்படவில்லை. விரித்துரைக்கப்பட்டிருப்பின் எவரேனும் ஒருவர் ஐயுற்றிருத்தல் கூடும். விரித்துரைக்கப்படாமையாலேயே அனைவரும் அஞ்சினர். இரண்டு நாட்களுக்குள் பாடசாலை வெறுமையாயிற்று. தாம் எதன்பொருட்டுத் தண்டிக்கப்பட்டோம் என்பதனை ஆசிரியைகள் முயன்று கேட்டறிய வேண்டியிருந்தது.

1811 இல் அவர்கள் சீமாட்டிக்கு எதிராக மானநட்ட வழக்குத் தொடுத்தனர். கோரிய தொகை 10,000 பவுண். சட்ட மாணவர்கள் இங்குச் சற்று நின்று நோக்க வேண்டிய செய்திகள் உள. முதலாவது, எதிராளி மாணவியல்லள், பாட்டியார். மாணவி தன் குடும்பத்தாருக்குச் சொன்னாள். பாட்டியாரோ குடும்பத்துக்கு வெளியே பரப்பினார், ஊறும் அப்பரப்புதலாலேயே விளைந்தது. ஆகவே நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட அவ்வழக்கில் ஜேன் கம்மிங் சாட்சியாக மட்டுமே தோன்றுகிறாள். வதந்தியைத் தொடங்கியவரும் வதந்திக்கு வலுவளித்தவரும் சட்டத்தின் நோக்கில் ஒருவரல்லர் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

இரண்டாவது, ஸ்கொட்லாந்தில் இவ்வழக்குத் தொடர முடிந்தமை. ஆங்கிலச் சட்டம் எழுத்துவழி அவதூற்றையும் வாய்மொழி அவதூற்றையும் வேறுபடுத்தியது. ஒரு பெண்ணின் ஒழுக்கத்தைப் பற்றி வாயாற் கூறப்பட்ட பழிக்கு, குறிப்பிட்ட பொருளிழப்பு மெய்ப்பிக்கப்பட்டாலன்றி அங்குப் பொதுவாகப் பரிகாரம் இருக்கவில்லை. 1891 இல் தனிச்சட்டம் ஒன்று இயற்றப்பட்ட பின்னரே அக்குறை நீங்கிற்று. இத்தகைய உறவு பற்றிய பழியும் அச்சட்டத்துள் அடங்கும் என்று ஆங்கில நீதிமன்றம் தீர்த்தது 1942 இலேயே. ஸ்கொட்லாந்துச் சட்டமோ உரோமச் சட்டத்தின் செல்வாக்குக்கு உட்பட்டது; எழுத்துக்கும் பேச்சுக்கும் அவ்வேறுபாட்டைக் கொள்ளாதது. நம் நாட்டு உரோமன் டச்சுச் சட்டமும் அதே ஊற்றினின்று பெருகியது ஆதலின், மானத்துக்கு நேர்ந்த ஊற்றைத் தனித்ததொரு தீங்காகக் கருதும் போக்கு நமக்கு அயலானதன்று. டிரம்ஷூ ஆசிரியைகளின் பொருளிழப்போ எந்தச் சட்டத்தின் கீழும் கண்கூடானது என்பது வேறு.

இன்றைய மாணவர் ஒருவர் உடனே எழுப்பும் வினா ஒன்றுண்டு: பேத்தியிடம் இத்தகைய செய்தியைக் கேட்ட ஒரு பாட்டியாருக்கு ஏனைய பெற்றோரை எச்சரிக்கும் கடமை இல்லையா? நியாயமான வினா. கடமையின்பாற்பட்டுத் தீநோக்கின்றிக் கூறப்படும் சொல்லுக்குப் பாதுகாப்பு உண்டு என்னும் கோட்பாடு ஆங்கிலச் சட்டத்தில் 1834 இல் தெளிவுற வகுக்கப்பட்டது. ஆனால் எடின்பரோவின் நீதிபதிகள் பெரிதும் மல்லாடியது கடமை பற்றிய இவ்வினாவோடன்று. சொல்லப்பட்டது நிகழ்ந்ததா, நிகழத்தக்கதா என்பதனோடு.

வழக்கு மூடிய கதவுகளுக்குள் நடைபெற்றது. பொதுமக்களின் ஒழுக்கம் கெடும் என்ற அச்சமே காரணம். அச்சிடப்பட்ட வழக்கேடுகளும் மிகச் சிலர் கைக்கே சென்றன. வழக்காளிகளுக்கு இது ஒருவகையில் பாதுகாப்பு. மற்றொரு வகையில் பெருந்தீங்கு. பழி ஊரெங்கும் பரவியிருக்க, அதற்கான மறுப்பு அறைக்குள் அடைபட்டுக் கிடந்தது.

அவ்வறைக்குள்ளோ மறைப்பென்பதே இருக்கவில்லை. ஆசிரியைகளின் படுக்கையறைகள், அவர்களுக்கிடையே நிகழ்ந்த சச்சரவுகள், ஒருவருக்கொருவர் எழுதிய சொற்கள் யாவும் ஆராயப்பட்டன. விடுதிப் பாடசாலைகளில் ஆசிரியையும் மாணவியும் ஒரே கட்டிலைப் பகிர்ந்துகொள்வது அக்காலத்தில் வழக்கமானதே. ஜேன் கம்மிங் உறங்கியது ஜேன் பிரீயின் கட்டிலில். ஓர் ஆசிரியை இரவில் மற்றவரிடம் வந்து பேசினாலும், நோயுற்றவருக்குத் தைலம் தேய்த்தாலும், பிணங்கி அழுதாலும், அருகே அரைத்தூக்கத்தில் ஒரு பிள்ளை கிடந்தது. ஆசிரியைகளிடையே பிணக்குகள் இருந்தமை பொய்யன்று. வுட்ஸின் சிற்றன்னை ஒருவர் பாடசாலையில் உடனுறைந்து அதிகாரம் செலுத்த முயன்றதே அவற்றுக்குப் பெருங்காரணமாயிற்று. பிணக்கும் இணக்கமுமாகிய இவ்வொலிகளை மாணவிகள் தமக்குள் பேசித் தமக்குத் தெரிந்த அளவில் பொருள்கொண்டனர். பணிப்பெண் ஒருத்தி கதவின் திறவுத்துளையூடாகப் பார்த்ததாகச் சொன்னாள் என்றொரு செய்தியும் மாணவிகளிடையே உலவிற்று. பணிப்பெண்ணோ அவ்வாறு சொல்லவில்லை என்று மறுத்தாள். குறிப்பிட்ட கதவில் அப்படிப் பார்க்கத்தக்க துளை இருக்கவில்லை என்பதும் வெளிப்பட்டது. வதந்தி தனக்கு வேண்டிய சான்றைத் தானே ஆக்கிக்கொள்ளும் முறைக்கு இத்துளையில்லாக் கதவு போதிய சாட்சி.

1811 ஜூனில் நீதிபதிகள் நால்வர் சீமாட்டியின் பக்கமும் மூவர் ஆசிரியைகளின் பக்கமும் நின்றனர். மறுபரிசீலனையில், 1812 பெப்ரவரியில், நால்வர் ஆசிரியைகளின் பக்கமும் மூவர் சீமாட்டியின் பக்கமும் ஆயினர். இடையில் நீதிபதிகளின் அமைப்பு மாறியிருந்தது, சாட்சியம் மாறவில்லை. ஒரு வாக்கின் வேறுபாட்டில் இரு பெண்களின் மானம் இழக்கப்பட்டது. மற்றொரு வாக்கின் வேறுபாட்டில் மீட்கப்பட்டது.

ஆசிரியைகளுக்குச் சார்பாகத் தீர்ப்புரைத்தோர் கூறிய காரணங்களே எம்மைப் பொறுத்தவரை இவ்வழக்கின் மிக முக்கியமான பகுதி. அவர்களுள் ஒருவர், ஒரே கட்டிலில் உறங்கும் நண்பியர் எல்லோரையும் ஐயுறத் தொடங்கினால் நாட்டில் எந்தப் பெண்ணுக்கு மானம் எஞ்சும் என்று கேட்டார். இதில் பொருள் உண்டு. ஆனால் மெடோபாங்க் பிரபு என்னும் நீதிபதி வேறொரு வழியிற் சென்றார். சூனியம் போலக் கற்பனையில் மட்டுமே உள்ள குற்றம் இது. இந்நாட்டுப் பெண்களுக்குத் தெரியாதது. தெரிந்திருக்க முடியாதது என்பது அவர் நிலைப்பாடு. அவ்வாறாயின் பதினைந்து வயதுப் பெண்ணொருத்தி அதனை எவ்வாறு அறிந்தாள்? விடை ஆயத்தமாக இருந்தது: அவள் இந்தியாவிலிருந்து வந்தவள். குழந்தைப் பருவத்தில் அந்நாட்டு வேலைக்காரப் பெண்களிடம் கேட்டறிந்ததை அவள் தன் ஆசிரியைகள்மேல் ஏற்றியுரைத்தாள் என்று கொள்ளப்பட்டது.

இவ்விடையின் வசதியைக் கவனிக்க வேண்டும். ஸ்கொட்லாந்தின் ஆசிரியைகள் தூயவராயினர். ஸ்கொட்லாந்தின் பிரபு குலமும் பெரிதும் பழி நீங்கிற்று. பழி கடல் கடந்து, தம்மைக் காத்துக்கொள்ள அந்நீதிமன்றத்தில் வழக்கறிஞரோ சாட்சியோ இல்லாத பெண்கள்மேற் சென்று படிந்தது. சிறுமி இந்தியாவை விட்டு நீங்கியபோது மிக இளவயதினள்; அதன்பின் பல ஆண்டுகள் ஸ்கொட்லாந்துப் பாடசாலைகளிலேயே வளர்ந்தவள். பெண்கள் நெருங்கி வாழும் விடுதியொன்றில் பெண்பிள்ளைகள் தமக்குள் பேசிக்கொள்வன பற்றி நீதிபதிகள் விசாரித்திருக்கலாம். அதற்கான சாட்சியம் அவர்கள்முன் இருந்தது. ஒரு வதந்தியைப் பொய்யென்று தள்ளுவதற்காக அதனினும் பரந்த, சான்றே இல்லாத மற்றொரு வதந்தியை நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது என்று கூறுதல் மிகையாகாது. தீர்ப்பு சரியானது என்பதில் எமக்கு ஐயமில்லை. தீர்ப்புக்குச் சென்ற வழிகளுள் ஒன்று காலனித்துவ மனத்தின் வழி.

சீமாட்டி பிரபுக்கள் சபைக்கு மேன்முறையீடு செய்தார். அங்கே வழக்கு ஆண்டுக்கணக்கில் கிடந்தது. 1819 இல் மேன்முறையீடு தள்ளப்பட்டு ஆசிரியைகளின் வெற்றி உறுதியாயிற்று. தொகை எவ்வளவு என்ற இழுபறி அதற்குப் பின்னும் தொடர்ந்தது. இரண்டு நாளில் நிகழ்ந்த அழிவுக்குப் பரிகாரம் தேட ஒன்பது ஆண்டுகள் சென்றன. அதற்குள் பாடசாலை மட்டுமன்றி அதனைத் தாங்கிய நட்பும் சிதைந்துவிட்டது. இழப்பீடு வழங்கும் சட்டத்துக்கு இழந்த காலத்தை அளக்கும் கோல் இல்லை. தொழிலை மட்டுமே அது அளந்தது.

நூறாண்டுக்கு மேல் மறைந்து கிடந்த இவ்வழக்கை ஸ்கொட்லாந்துச் சட்டவறிஞர் வில்லியம் ரஃப்ஹெட் 1930 இல் வெளிவந்த தம் கட்டுரைத் தொகுதியொன்றில் எடுத்துரைத்தார். அதனைப் படித்த அமெரிக்க எழுத்தாளர் லிலியன் ஹெல்மன் எழுதிய 'குழந்தைகளின் வேளை' என்னும் நாடகம் 1934 இல் நியூயோர்க்கில் அரங்கேறி 691 முறை மேடையேறியது. கதை அமெரிக்காவுக்கு மாற்றப்பட்டது. வழக்கில் வென்ற ஆசிரியைகள் நாடகத்தில் தோற்கின்றனர். ஒருத்தி தன்னுயிரை மாய்த்துக்கொள்கிறாள். நாடகத்தின் தேவைக்கு இவை பொருந்தலாம். வரலாற்று மாணவருக்கு முக்கியமான மாற்றம் பிறிதொன்று: பொய்யுரைக்கும் சிறுமி அங்கே செல்வக் குடும்பத்தின் செல்லப்பிள்ளையாகிய வெள்ளைச் சிறுமி. இந்தியா முற்றாக நீக்கப்பட்டுவிட்டது. வில்லியம் வைலர் அதனை இருமுறை திரைப்படமாக்கினார். 1936 இன் படத்தில், தணிக்கைக்கு அஞ்சி, பழியே மாற்றப்பட்டு ஓர் ஆடவனைப் பற்றிய முக்கோணக் கதையாயிற்று. 1961 இன் படத்தில் பழைய பழி மீண்டது. ஜேன் கம்மிங்கோ இரண்டிலும் மீளவில்லை.

அமெரிக்க வரலாற்றாய்வாளர் லிலியன் ஃபேடர்மன் 1983 இல் வழக்கேடுகளை மீளப் படித்து நூலொன்று வெளியிட்டபோதே, அச்சிறுமியின் பிறப்பும் நிறமும் தீர்ப்பில் வகித்த இடம் மீண்டும் பேசப்படலாயிற்று. அதன்பின் வந்த ஆய்வுகள் பல ஆசிரியைகளின் உறவு உண்மையில் எத்தகையது என்ற வினாவிலேயே நிற்கின்றன. அவ்வினாவுக்கு விடை காண முயல்வோர், அன்று கதவருகே நின்ற மாணவிகளின் இடத்திலேயே தாமும் நிற்கின்றனர் என்பது எம் கருத்து. ஏடுகள் விடையளிப்பது வேறு வினாக்களுக்கு: ஒரு பிள்ளையின் சொல்லை யார் கையேற்றார், எவ்வதிகாரத்தால் பரப்பினார், அதற்கு யார் விலை கொடுத்தார் என்பனவற்றுக்கு.