நெஞ்சு எரியுதா? சோடா குடிக்கும் முன் இதை படிங்க!

பிரம்மதேசம்,

மரக்காணம் அருகே உள்ள பிரம்மதேசம் சுற்று வட்டாரத்தில் உப்பளம், வயல், கட்டிட வேலைக்கு போகிறவர்கள் அடிக்கடி சொல்லும் பேச்சு, "நெஞ்சு கரிக்குது, கேஸ் புடிச்சிக்கிச்சு" என்பதுதான். பெட்டிக்கடையில் ஒரு சோடா, மெடிக்கலில் ஒரு மாத்திரை என்று பலர் அத்தோடு விட்டு விடுகிறார்கள்.

பெரும்பாலும் அது சாதாரண நெஞ்செரிச்சலாகத்தான் இருக்கும். பழக்கத்தை கொஞ்சம் மாற்றினாலே அடங்கி விடும். ஆனால் சில நேரம் அதுவே மாரடைப்பாகவும் இருக்கலாம். இதுபற்றிய விவரம் வருமாறு:-

எரிச்சல் ஏன் வருகிறது?

உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் வால்வு போல ஒரு தசை வளையம் இருக்கிறது. சாப்பாடு இறங்கியதும் அது மூடிக்கொள்ளும். அது தளர்ந்தால் இரைப்பையில் உள்ள அமிலம் மேலே ஏறி எரிச்சலை உண்டாக்கும். புளித்த ஏப்பமும் வரும்.

வயிறு முட்ட சாப்பிடுவது, எண்ணெய் பலகாரம், பீடி, சிகரெட், மது, உடல் பருமன் எல்லாம் இதற்கு காரணம். சாப்பிட்ட உடனே குனிந்து வேலை செய்தாலும், இடுப்பில் துணியை இறுக்கி கட்டினாலும் வயிறு அழுந்தி அமிலம் மேலே வரும். பாத்தியில் குனிந்து உப்பு வாருகிறவர்கள் இதை கவனிக்க வேண்டும்.

மாற்ற வேண்டிய பழக்கம்

* விடியும் முன்பே வேலைக்கு போகிறவர்கள் வெறும் டீயோடு மதியம் வரை ஓட்டக்கூடாது. கொஞ்சம் பழைய சோறும் மோருமாவது சாப்பிட்டு விட்டு இறங்குங்கள்.

* ஒரே வேளையில் நிறைய சாப்பிடாமல், அளவை குறைத்து பிரித்து சாப்பிடுங்கள். சாப்பிட்ட கையோடு குனியாமல், சிறிது நேரம் நின்றபடி செய்யும் வேலையை பாருங்கள்.

* இரவு சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் 3 மணி நேரம் இடைவெளி விடுங்கள். இடது பக்கமாக ஒருக்களித்து படுப்பது நல்லது.

* ராத்திரியில் எரிச்சல் வந்தால் கட்டிலின் தலைமாட்டு கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து அரை அடி உயர்த்துங்கள். தலையணையை அடுக்கினால் கழுத்துதான் வளையும், பலன் குறைவு.

* உடம்பு வலிக்கு டைக்ளோபினாக், ஐபுபுரூபன் போன்ற மாத்திரைகளை வெறும் வயிற்றில் போடாதீர்கள். அடிக்கடி போட்டால் குடல் புண் வரும்.

கை வைத்தியம் கேட்குமா?

லேசான தொந்தரவுக்கு மோர், சீரக தண்ணீர், ஓம தண்ணீர் பலருக்கு இதமாக இருக்கிறது. இஞ்சியை அளவாகத்தான் எடுக்க வேண்டும். அதிகமானால் அதுவே எரியும். புதினா அந்த தசை வளையத்தை தளர்த்தக்கூடியது என்பதால், சிலருக்கு எரிச்சல் கூடும்.

கேஸ் நிறைந்த சோடா குடித்தால் ஏப்பம் வரும். அந்த ஏப்பத்தோடு அமிலமும் மேலே வரலாம். தண்ணீரில் கரைத்து குடிக்கும் பாக்கெட் உப்பில் சோடியம் இருக்கிறது. ரத்த கொதிப்பு, சிறுநீரக கோளாறு உள்ளவர்கள் அதை தவிர்க்க வேண்டும்.

அல்சர் காரத்தால் வருவதல்ல. ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமியாலும் வருகிறது. இதை கண்டுபிடித்த ஆஸ்திரேலிய டாக்டர்கள் பேரி மார்ஷல், ராபின் வாரன் இருவருக்கும் 2005-ம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. இந்த கிருமிக்கு தனி மருந்து உண்டு. டாக்டரிடம் பரிசோதித்து குணப்படுத்தலாம்.

மாத்திரையில் உஷார்

மெடிக்கலில் பலர் கேட்டு வாங்கி வந்த ரானிடிடின் மாத்திரை, 2022-ம் ஆண்டு மத்திய அரசின் அத்தியாவசிய மருந்து பட்டியலில் இருந்து நீக்கப்பட்டது. ஒமிபிரசோல், பான்டோபிரசோல் மாத்திரைகளை சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போட வேண்டும். 2 வாரத்துக்கு மேல் தேவைப்பட்டால் டாக்டரை பார்த்தே ஆக வேண்டும்.

விழுங்க சிரமம், கருப்பாக மலம் போவது, ரத்த வாந்தி, காரணமில்லாமல் எடை குறைவது இருந்தால் ஒரு நாள் கூட தள்ளிப்போடாதீர்கள்.

மாரடைப்பாக இருந்தால்...

நெஞ்சில் பாரம் வைத்தது போல அழுத்தம், இடது கை, தோள், தாடைக்கு பரவும் வலி, குப்பென்று வியர்வை, மூச்சு திணறல், மயக்கம் வந்தால் அதை கேஸ் என்று நினைக்கக்கூடாது. சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் மேல் வயிற்று உப்புசம், வாந்தி, அசதி மட்டும் கூட வரலாம். வெயிலில் வேலை செய்யும்போது வியர்ப்பது சகஜம் என்று விட்டு விடும் ஆபத்தும் உண்டு.

எரிச்சலா, மாரடைப்பா என்பது இ.சி.ஜி., ரத்த பரிசோதனையில்தான் தெரியும். சோடா குடித்து விட்டு காத்திருக்கும் நேரத்தில் இதய தசை செத்துக்கொண்டே இருக்கும்.

இதற்காகவே 2023-ம் ஆண்டு ஜூன் மாதம் தமிழக அரசு 'இதயம் காப்போம்' திட்டத்தை தொடங்கியது. மாரடைப்பு அறிகுறியோடு வருகிறவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையம், துணை சுகாதார நிலையங்களிலேயே முதல்கட்டமாக 14 மாத்திரைகள் கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைக்கும் திட்டம் இது. இதில் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளும் உள்ளன. குடல் புண் இருந்தால் இவை ரத்தக்கசிவை உண்டாக்கலாம் என்பதால், யாரும் தானாக வாங்கி விழுங்கக்கூடாது.

உங்கள் ஊருக்கு பக்கத்தில் எந்த சுகாதார நிலையம் இருக்கிறது என்பதை இன்றே விசாரித்து வையுங்கள். நெஞ்சு வலிக்கிறவரை தனியாக பைக் ஓட்டிக்கொண்டு போக விடாதீர்கள். உட்கார வைத்து விட்டு உடனே 108-க்கு போன் செய்யுங்கள். அந்த ஆம்புலன்சுக்கு கட்டணம் கிடையாது.