கொடுங்கையூருக்கு வந்த நாலு கம்பி

இந்த வாரம் நடவும் இல்ல, உரமும் இல்ல. பட்டணத்துக் கம்பிகளோட வரலாறு. ஏரிப் பாசனக்காரனுக்கு அதுல என்ன வேலைன்னு கேக்கறவங்க கடைசி வரைக்கும் படிச்சுட்டுச் சொல்லுங்க.

முதல்ல ஏரியில தண்ணி இருக்கான்னு பாப்போம். சென்னைக்கு அந்தக் குறையே கிடையாது. 1871-லயே மெட்ராஸ்ல இருந்து பினாங்குக்கும், அங்கிருந்து சிங்கப்பூருக்கும் கடலுக்கு அடியில தந்திக் கம்பி போயாச்சு. 2002-ல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவுல சுமார் 3,200 கிலோமீட்டர் நீளத்துக்கு 'ஐ-டு-ஐ' ஃபைபர் கேபிள் வந்துச்சு. 2005-ல் ஐரோப்பா வரைக்கும் போற 'சீ-மீ-வீ 4' வந்துச்சு. 2020 ஆகஸ்ட் 10-ல் அந்தமானுக்கும் இங்கிருந்துதான் இழுத்தாங்க. இந்தியாவுக்குள்ள இணையம் நுழையற பெரிய வாசல் ரெண்டுல ஒண்ணு மும்பை, இன்னொண்ணு சென்னை.

ஆனா ஏரி ரொம்பினா மட்டும் கடைமடை நனைஞ்சிடுமா? என் தங்கச்சி வீடு கொடுங்கையூர்ல. காசிமேட்டுக் கடற்கரைக்கும் அங்கேயும் சில கிலோமீட்டர்தான். தங்கச்சி பொண்ணு வீட்டுல இருந்தே மெடிக்கல் கோடிங் வேலை பாக்குது. "நெட் போச்சுன்னா அன்னிக்கு லீவுதான் மாமா, சம்பளம் கட்"ன்னு சொல்லுச்சு. போன ஐப்பசி மழையில ஒரே மாசத்துல ஆறு நாள் அப்படிப் போச்சு. போன் பண்ணா, "நாளைக்கு ஆள் வரும்"ங்கற பதில் மட்டும் தவறாம வந்துச்சு. கடைசியில கம்பெனியை மாத்திடலாம்னு முடிவு பண்ணோம். அதுக்கு முன்னாடி, வீட்டு வாசலுக்கு இதுவரைக்கும் என்னென்ன கம்பி வந்துச்சுன்னு கணக்கு எடுத்தேன்.

முதல் கம்பி, டெலிபோன் செம்பு. 1995 ஆகஸ்ட் 15-ல் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையம் திறந்துவிட்டப்போ மெட்ராஸும் அந்தப் பட்டியல்ல இருந்துச்சு. மோடம் கீச்சுக்கீச்சுன்னு கத்தும், நெட் ஓடற வரைக்கும் போன் பேச முடியாது. 1998 நவம்பர்ல தனியாருக்கும் கதவு திறந்தாங்க. முதல்ல நுழைஞ்சது சென்னைக் கம்பெனியான சத்யம் இன்ஃபோவேதான், பின்னால சிஃபின்னு பேர் மாறினது. 2004 கொள்கையில அரசாங்கம் பிராட்பேண்டுக்குக் குறைஞ்சபட்ச வேகம் 256 கே.பி.பி.எஸ்.னு வரையறுத்துச்சு. 2023-ல் அதுவே 2 எம்.பி.பி.எஸ். 2005-ல் பி.எஸ்.என்.எல். அதே செம்புக் கம்பியில பேச்சையும் நெட்டையும் சேர்த்து அனுப்ப ஆரம்பிச்சுது. ஆனா எக்ஸ்சேஞ்ச்ல இருந்து தூரம் கூடக்கூட வேகம் குறையும். மண்ணுக்குள்ள இருக்கற ஜாயிண்ட்ல மழைத்தண்ணி இறங்கினா இரைச்சல்தான் மிச்சம்.

ரெண்டாவது, கேபிள் டி.வி. வயர். 1993-ல் சன் டி.வி. வந்த பிறகு தெருத்தெருவா கம்பத்துக்குக் கம்பம் தொங்கின அந்தக் கறுப்பு வயர்ல பின்னாடி நெட்டும் வந்துச்சு. வழியில சிக்னலைத் தூக்கிவிட நிறைய ஆம்ப்ளிஃபயர் வேணும், அத்தனைக்கும் கரண்ட் வேணும். உங்க வீட்டுல கரண்ட் இருந்தாலும் நாலு தெரு தள்ளிப் போயிருந்தா நெட் படுத்துடும்.

மூணாவது, மொட்டைமாடி லேன் வயர். ஒரு துண்டு 100 மீட்டருக்கு மேல போகக் கூடாது. அதனால மாடிக்கு மாடி ஒரு ஸ்விட்ச் பெட்டி வைப்பாங்க. அதுக்கும் கரண்ட் வேணும், இடி இறங்கினா பெட்டியே போயிடும்.

நாலாவது, கண்ணாடி இழை, அதாவது ஃபைபர். உள்ள ஓடறது வெளிச்சம். ஒரு இழையைப் பிரிச்சு முப்பது, அறுபது வீட்டுக்குக் கொடுக்கற ஸ்ப்ளிட்டருக்குக் கரண்டே வேண்டாம். தண்ணி பட்டாலும் செம்பு மாதிரி துருப்பிடிக்காது. அந்தப் பக்கம் கம்பெனிக்காரன், இந்தப் பக்கம் நம்ம பெட்டி, ரெண்டு இடத்துல மட்டும் கரண்ட் இருந்தா போதும். ஆனா இதுக்கும் எதிரி உண்டு. மழைநீர் வடிகாலுக்குத் தோண்டற ஜே.சி.பி., தாழத் தொங்கற வயரை இழுத்துட்டுப் போற லாரி. குப்பை லாரியும் கண்டெய்னரும் ஓடற வடசென்னையில அது சின்ன விஷயம் இல்ல.

தங்கச்சி வீட்டுல இருந்தது ரெண்டாவது கம்பி. மழையில ஏன் படுத்துச்சுன்னு அப்பதான் புரிஞ்சுது. அந்தத் தெருவுல மூணு கம்பெனி ஃபைபர் கொடுக்குது. எவ்வளவு வேகம்னு நாங்க கேக்கல. அதே தெருவுல பத்து வீட்டுல விசாரிச்சோம்: போன மழையில எத்தனை நாள் அறுந்துச்சு, சொன்னா எத்தனை மணி நேரத்துல ஆள் வந்தாங்க? மூணுல ஒண்ணுக்கு மட்டும் லைன்மேன் ரெண்டு தெரு தள்ளியே குடியிருக்காரு. அதையே எடுத்தோம்.

இன்னொரு விஷயம். 2011 ஜனவரி 20-ல் இருந்து செல்போன் நம்பரை அப்படியே வேற கம்பெனிக்கு நாடு முழுக்க மாத்திக்கலாம். வீட்டு பிராட்பேண்டுக்கு அந்த வசதி இல்ல, கம்பியே புதுசா வரணும். அதனால பழைய இணைப்பை உடனே துண்டிக்காம பதினஞ்சு நாள் ரெண்டையும் ஓட்டிப் பாத்தோம். புதுப் பெட்டிக்கு ஒரு சின்ன யு.பி.எஸ். வாங்கி வச்சோம். பழைய மோடத்தைத் திருப்பிக் கொடுத்ததுக்கு ரசீது வாங்கினதுக்கு அப்புறம்தான் கணக்கை முடிச்சோம். மூணு மாசம் ஆச்சு. நடுவுல ஒரு தடவை வயர் அறுந்துச்சு, மூணு மணி நேரத்துல ஒட்டிட்டாங்க. பொண்ணுக்கு ஒரு நாள் சம்பளமும் போகல.

ஏரி எவ்வளவு பெரிசா இருந்தாலும் என் வயல் நனையறது நீர்க்கட்டி கையிலதான். மடை அடைச்சுக்கிட்டா மம்பட்டியோட அவர் வரணும். நெட்டுக்கு லைன்மேன்தான் நீர்க்கட்டி. பாரத்நெட்ல தமிழ்நாட்டு ஊராட்சிகளுக்கும் ஃபைபர் இழுக்கறாங்க. உங்க ஊருக்கு வரும்போது வேகத்தை அப்புறம் கேளுங்க, அறுந்தா ஒட்ட வர்ற ஆள் எந்த ஊர்ல இருக்காருன்னு முதல்ல கேளுங்க.